ஏழாம் எண் படத்தின் கண்கள்

பாப்பாரப்பட்டி கடைவீதியில், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நூற்றுப் பத்து அடி மேற்கே, ஒரு மருந்துக்கடைக்கும் ஓர் உரக்கடைக்கும் நடுவில் குப்புராஜின் ஸ்டூடியோ இருக்கிறது. பலகையில் அவர் பெயர். உறையில் அவர் பெயர். படத்தின் பின்னால் குத்துகிற ஊதா முத்திரையிலும் அவர் பெயர்தான். ஆனால் 2007 ஜூன் 11, திங்கட்கிழமை முதல் அந்தக் கடையை விட்டு வெளியே போன படங்களில் பத்துக்கு ஒன்பது மெஹ்ஜபீனின் கை பட்டவை. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று குப்புராஜ் கேமராவோடு ஊர் ஊராகப் போய்விடுவார். கடையும் கம்ப்யூட்டரும் மெஹ்ஜபீன் பொறுப்பு.

மெஹ்ஜபீனின் வீடு தர்மபுரி டவுனில். கணவர் ஜாவீத் பஞ்சு மெத்தை தைக்கிறவர். ஒரே மகள் மெஹக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காலை எட்டேகால் டவுன் பஸ்ஸில் ஏறினால் ஒன்பதுக்குக் கடை திறந்துவிடுவார். பதினேழு ஆண்டுகளில் அவர் தாமதமாக வந்த நாட்கள் ஆறு. அதில் நான்கு, பஸ் பழுதானதால்.

அவர் வேலையின் பெரும்பகுதி சொன்னால் சிரிப்பு வரும் வேலை. பேன்ட் சட்டையோடு வந்தவருக்குக் கோட்டு மாட்டிவிடுவார். வழித்துவிட்ட தாடியைத் திருப்பித் தருவார், இருக்கிற தாடியை எடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணைத் திறப்பார். அதற்காகவே பென்னாகரத்திலிருந்தும் ஆள் வரும். ஒருவர் இறந்துவிட்டால் அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டும். பல வீடுகளில் ஒழுங்கான படம் இருக்காது. செல்போனில் எப்போதோ எடுத்தது, கண் பாதி மூடியபடி இருக்கும். மெஹ்ஜபீன் அதைத் திறந்து கொடுப்பார். ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது. பார்த்தவர்கள் ஒருமுறைகூட "இது அவரு கண்ணு இல்ல" என்று சொன்னதில்லை.

குப்புராஜ் வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார்: "ஊருல ஆயிரம் ஸ்டூடியோ இருக்கலாம். கண்ணு மூடின படம் இந்தக் கடைய விட்டு இன்னி வரைக்கும் வெளிய போனதில்ல." அது வெறும் பேச்சில்லை, கடையின் சட்டம். சிறு பிள்ளை பாஸ்போர்ட் சைஸ் எடுத்தாலும், அறுபதாம் கல்யாண குரூப் படத்தில் பின்வரிசை ஓரத்தில் நிற்பவர் கண் சிமிட்டியிருந்தாலும், திறந்துதான் கொடுக்க வேண்டும். பதினேழு ஆண்டு அப்படியே செய்து செய்து, சாப்பிடும்போது கை வாய்க்குப் போவதுபோல அது மெஹ்ஜபீனுக்கு யோசிக்காமல் நடக்கும் காரியமாகிவிட்டது.

அவருக்கென்று ஒரு வேலையும் இருந்தது. யாரும் சொல்லாமல் அவரே தொடங்கிக்கொண்டது. ஸ்டூலில் ஆளை உட்காரவைத்ததும், வெளிச்சம் சரியா என்று பார்க்க ஒரு படம் தட்டுவார்கள். வந்தவர் அப்போதுதான் தலை வாரிக்கொண்டிருப்பார், பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார், குழந்தையை அதட்டிக்கொண்டிருப்பார். அந்தப் படம் எதற்கும் உதவாது, அழித்துவிடுவார்கள். 2016 மார்ச்சில் மாதையன் என்ற மேஸ்திரி, லைசென்ஸுக்குப் படம் எடுத்த மூன்றாம் நாள் தொப்பூர் இறக்கத்தில் லாரி மோதி இறந்துபோனார். வீட்டார் ஓடி வந்து படம் கேட்டபோது, கடையில் இருந்த விறைத்த லைசென்ஸ் படத்தோடு அழிக்க மறந்த வெளிச்சப் படமும் திரையில் வந்தது. காதில் செருகிய பென்சிலை எடுக்கக் கையை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார் மாதையன். அவர் மனைவி இரண்டாவதைத்தான் விரலால் தொட்டார்.

அன்றிலிருந்து மெஹ்ஜபீன் வெளிச்சப் படங்களை அழிப்பதில்லை. நாற்பது பக்க நோட்டில் வரிசை எண், தேதி, பெயர், ஊர், என்ன காரியத்துக்குப் படம் என்று எழுதிவைப்பார். கேட்காமல் எதையும் வைத்துக்கொள்வதில்லை, "இதையும் வெச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டு, வேண்டாம் என்றவர்களுடையதை அவர்கள் கண்முன்னாலேயே அழித்துவிடுவார். 2024 செப்டம்பர் முடிய நோட்டு பதினொன்று, படம் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. எண்ணில் ஒன்று விடுபடவில்லை, ஒன்று இரட்டிக்கவில்லை.

பெங்களூரு நகரில் ஒரு புகைப்பட விழா நடக்கப்போவதை மெஹக்தான் செல்போனில் பார்த்தாள். இதுவரை எங்கும் படம் வைக்காத புதியவர்களுக்கு மட்டுமான விழா. வயது வரம்பு இல்லை.

"அம்மி, உங்க நோட்டுப் படத்த அனுப்பலாம்" என்றாள்.

"நாப்பத்தோரு வயசுல நான் புதுசா?"

"படம் மாட்டுனதில்லைல்ல? அப்ப புதுசுதான்."

மெஹ்ஜபீன் இருபது படம் தேர்ந்து அனுப்பினார். விண்ணப்பத்தில் ஓரிடத்தில், 'படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ இல்லை' என்ற வரிக்கு எதிரே கையெழுத்து கேட்டிருந்தது. நல்ல மனதோடுதான் போட்டார். வெளிச்சப் படத்தில் சேர்க்கவும் நீக்கவும் என்ன இருக்கிறது?

அக்டோபர் 14 அன்று பதில் வந்தது. பன்னிரண்டு படம் தேர்வாகியிருந்தது. அதோடு, புதியவர்கள் முப்பத்திரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் கொடுக்கிற முகப்புச் சுவர் அவருக்கு. அந்த இடம் யாருக்கோ அவருக்கே ஓராண்டு கையாள ஒரு நல்ல கேமராவும், அடுத்த ஆண்டு தனிக் கண்காட்சியும். தேர்வுக் குழு ஏழாம் எண் படத்தைக் குறிப்பிட்டு எழுதியிருந்தது: தலையில் ஈரக்கையை வைத்தபடி கேமராவைப் பார்க்கும் அந்த மூதாட்டியின் பார்வைக்காகவே இந்தத் தொகுப்பை முகப்பில் வைக்கிறோம்.

கடிதத்தின் மேல் 'மெஹ்ஜபீன், பாப்பாரப்பட்டி' என்று அச்சாகியிருந்தது. அந்தப் பெயரை அவர் அச்சில் பார்த்தது அதற்குமுன் கல்யாணப் பத்திரிகையிலும் ரேஷன் கார்டிலும் மட்டும்தான்.

குப்புராஜ் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "ஸ்டூடியோ பேரு ஒரு எடத்துலயும் போடலியே?"

"கேட்டுப் பாக்கட்டுங்களாண்ணா?"

"வேணாம் வேணாம். நாம்பாட்டுக்குச் சொன்னேன்" என்றவர், அன்று சாயங்காலம் உரக்கடைக்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 18, திங்கட்கிழமை விழா அலுவலகத்திலிருந்து கவிப்பிரியா பேசினார். ஓசூர்ப் பெண், விழாவில் படங்களுக்குப் பொறுப்பாளர்.

"மேடம், ஏழாம் நம்பர் ஆறடி உயரத்துல பிரிண்ட் பண்ணப் போறோம். நீங்க அனுப்புனது சின்ன காப்பி. கேமராவுல இருந்து வந்த ஒரிஜினல அப்பிடியே அனுப்பிடுங்க."

மறுநாள் காலை மெஹ்ஜபீன் பழைய டிஸ்க்கை இணைத்து, நோட்டைப் பார்த்து எண்ணைத் தேடினார். 2023 ஆகஸ்ட் 22, செவ்வாய். பெரியம்மாள், புளியமரத்துக்கொட்டாய், முதியோர் உதவித்தொகை. எடுத்த நேரம் 11 மணி 42 நிமிடம் 6 நொடி. திறந்தார்.

பெரியம்மாளின் கை தலையில் இருந்தது. முடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் நெற்றியில் இறங்கியிருந்தது. கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன.

மெஹ்ஜபீன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். அடுத்த படத்தைத் திறந்தார். 11 மணி 43 நிமிடம் 46 நொடி. உதவித்தொகைக்குப் போன படம். கை மடியில், கண்கள் நேராக. சரியாக ஒரு நிமிடம் நாற்பது நொடி வித்தியாசம். அந்தக் கண்ணை எடுத்து இந்த முகத்தில் அன்றைக்கே அவர் வைத்திருக்கிறார். வைத்தது ஞாபகத்தில் இல்லை. மூடிய கண் திரையில் வந்திருக்கும், கை தன்பாட்டுக்குத் திறந்திருக்கும், சின்ன காப்பி அப்படியே சேமிப்பில் போயிருக்கும். அவ்வளவுதான்.

பெங்களூருக்காரர்கள் சொன்ன அந்தப் பார்வை கேமராவுக்குள் வந்ததே இல்லை. ஸ்டூடியோவின் கம்ப்யூட்டரில் பிறந்தது.

முதல் காரியமாக அவர் மீதிப் பதினொரு படங்களின் மூலத்தையும் எடுத்து, ஒவ்வொன்றையும் அனுப்பிய காப்பிக்குப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கி ஒத்துப்பார்த்தார். அது முடிய மத்தியானம் மூன்றாகிவிட்டது. பதினொன்றும் சுத்தம். பிறகுதான் குப்புராஜிடம் சொன்னார்.

குப்புராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இதுல என்னாம்மா இருக்குது? அந்தம்மா மூஞ்சி, அந்தம்மா கண்ணு. வேற யாரு கண்ணையாச்சும் புடுங்கியாந்து வெச்சியா?"

"இல்லீங்கண்ணா."

"ஒரே நாளுதான?"

"ஒரே நாளு."

"ஒரே ஸ்டூலு?"

"ஆமாங்கண்ணா."

"அப்பறம் என்னா? ஒரிஜினல்லயும் அதே வேலயச் செஞ்சு அனுப்பிவுடு. உன் வேலய ஒருத்தன் கண்டுபுடிச்சிருவானா?"

அது உண்மை. யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பதினேழு வருடமாக யாரும் கண்டுபிடித்ததில்லை.

"கை தலையில இருந்தப்ப கண்ணு மூடியிருந்துச்சு" என்றார் மெஹ்ஜபீன். "கண்ணு தொறந்தப்ப கை மடிக்கு வந்துருச்சு. ரெண்டும் சேந்த மாதிரி ஒரு நிமிசம் இருக்கவே இல்லீங்கண்ணா."

"கல்யாண ஆல்பத்துல பொண்ணு மாப்ளய தாமரப்பூவுக்குள்ள உக்கார வெக்கறமே, அந்த நிமிசம் மட்டும் இருந்துச்சாக்கும்?"

"தாமரப்பூவுல உக்காந்தாங்கன்னு நாம கையெழுத்துப் போட்டுக் குடுக்கலீங்களே."

குப்புராஜுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "கேமரா போயிருமே, யோசிச்சியா? பேரு போயிருமே?"

மெஹ்ஜபீன் யோசிக்காமல் இல்லை. காலையிலிருந்து அதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. ஆனால் நாலாயிரத்துச் சொச்சம் படங்களுக்கும் எண் போட்டு வைத்த கை அது. ஒன்றில் பொய் என்று தெரிந்த பிறகு, மற்றவற்றுக்கு எழுதிய தேதிக்கும் பெயருக்கும் என்ன மதிப்பு என்று அந்த மனசு கேட்டுக்கொண்டேயிருந்தது. நாலேகாலுக்குக் கவிப்பிரியாவைக் கூப்பிட்டு, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். அழவில்லை, மன்னிப்பை மட்டும் ஒரே ஒரு தரம் கேட்டார். மூலப் படத்தையும் அனுப்பிவைத்தார்.

குப்புராஜ் அன்று சாயங்காலம் போய்வரேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

வியாழக்கிழமை கவிப்பிரியா திரும்ப அழைத்தார். குரலில் சந்தோஷம் இருந்தது.

"மேடம், குழு கூடிப் பேசிட்டாங்க. நீங்களா சொன்னதுனால ஒண்ணும் பிரச்சினை இல்லன்னுட்டாங்க. அந்த ஒரிஜினலையே முகப்புல வெச்சிரலாம். இன்னும் சொன்னா, கண்ணு மூடினதுதான் அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. கேமரா, தனிக் கண்காட்சி எல்லாம் அப்பிடியேதான். ஒண்ணே ஒண்ணு, அந்தம்மா முன்னாடி சம்மதம் குடுத்தது வேற படத்துக்கு. இந்தப் படத்தக் காட்டிப் புதுசா ஒரு கையெழுத்து வாங்கிடுங்க."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் மெஹ்ஜபீன் நினைத்தார். வெள்ளி, சனி இரண்டு நாளும் வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்ததாகக் குப்புராஜே பிறகு சொன்னார்.

24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஜாவீத் அவரை ஸ்கூட்டரில் புளியமரத்துக்கொட்டாய்க்குக் கூட்டிப்போனார். பாப்பாரப்பட்டியிலிருந்து நாலு கிலோமீட்டர். பெரியம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது. மகன் தீர்த்தகிரியோடு சாமந்தித் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தவர், கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே வரப்புக்கு வந்தார்.

"யாரு, ஸ்டூடியோ பாயம்மாவா? ஏம்மா, எம்படம் தொலஞ்சுபோச்சா? பணம் மாசாமாசம் வருதே."

"தொலையலீங்க ஆயா. பெங்களூருல மாட்டப்போறாங்கன்னு சொன்னேன்ல? ஆறடி உசரத்துக்கு மாட்டறாங்களாம். அதுல ஒண்ணு கேக்கணும்." மெஹ்ஜபீன் மூலப் படத்தின் பிரதியை நீட்டினார்.

பெரியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, முழங்கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு செத்தது?"

"நீங்கதான் ஆயா."

தீர்த்தகிரி சிரித்துவிட்டான். பெரியம்மாள் சிரிக்கவில்லை. "உசுரோட இருக்கறவள கண்ண மூடிச் செவுத்துல மாட்டுவாங்களா? ஆறடின்னு வேற சொல்ற. பாக்கறவன் மாலையக் கொண்டாந்துருவான்."

"ஏம்மா, பெங்களூருல உன்ன யாரு தெரிஞ்சவங்க?" என்றான் தீர்த்தகிரி.

"தெரியாதவங்க பாத்தா மட்டும் நான் செத்தவளாட்டம் இருக்கலாமா? உங்கப்பன் படம் இப்பிடித்தான இருந்துச்சு. இந்தப் பாயம்மாதான கண்ணத் தொறந்து குடுத்துச்சு? செத்தவருக்கே தொறந்தாங்க, எனக்கு மூடறாங்க."

அந்த வார்த்தை மெஹ்ஜபீனுக்கு உறைத்தது. கண் மூடிய படம் என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஒரே பொருள்தான். அதை இவரைவிடத் தெரிந்தவர் யார்? பெங்களூருக்கு அது அழகு. புளியமரத்துக்கொட்டாய்க்கு அது பிணம். இரண்டு நாள் சந்தோஷத்தில் அது அவர் நினைப்பில் வரவேயில்லை.

படத்தைத் திருப்பித் தந்த பெரியம்மாள், மெஹ்ஜபீன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "இதுல நான் கையெழுத்துப் போட்டா உனக்கு என்னா வரும்?"

மெஹ்ஜபீன் மறைக்காமல் சொன்னார். முகப்புச் சுவர், ஓராண்டுக்குக் கேமரா, தனியாக ஒரு கண்காட்சி, தன் பெயர்.

"போடலன்னா?"

"இதெல்லாம் இல்லீங்க."

பெரியம்மாள் கூடையை வரப்பில் வைத்தார். "அப்ப குடு பேனாவ. உனக்கு ஆவுதுன்னா போட்டுத் தரேன். போயிட்டுப் போவுது."

கையை நீட்டிவிட்டார். விரல் நுனியெல்லாம் பூவின் மஞ்சள். தீர்த்தகிரி பேனா தேடிச் சட்டைப்பையைத் தடவினான். ஜாவீத் தன் பேனாவை எடுத்தேவிட்டார். மெஹ்ஜபீன் தாளைப் பிரித்தார். பெரியம்மாளின் கை முன்னால் இருந்தது, முகம் மட்டும் படத்தைப் பார்க்காமல் தோட்டத்துப் பக்கம் திரும்பியிருந்தது.

பதினேழு வருடம் மனிதர்களின் முகத்தை மட்டுமே பார்த்துப் பிழைத்தவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வேணாங்க ஆயா. மனசில்லாத கையெழுத்து எனக்கு வேணாம்."

"நாந்தான் போடறேங்கறனே."

"போடுவீங்க. ஆறடி உசரத்துல அது அங்க தொங்குற வரைக்கும் உங்களுக்குத் தூக்கம் வராது."

பெரியம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "நல்ல ரோசக்காரிடி நீ" என்றார். பிறகு மகனிடம், "பாத்துகிட்டு நிக்கறியே, வந்தவங்களுக்கு எளநி வெட்டு" என்று அதட்டினார்.

திரும்பும் வழியில் ஜாவீத் உருதில் கேட்டார்: "வருத்தமா?"

"இருக்கு" என்றார் மெஹ்ஜபீன். "அதுக்காக வண்டியத் திருப்பிடாதீங்க."

திங்கட்கிழமை கவிப்பிரியாவிடம் ஏழாம் எண் படம் எந்த உருவத்திலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை முடிவு வந்தது. முகப்புச் சுவரை அந்தப் படத்துக்காகவே கொடுத்தது. ஆகவே அது வேறொருவருக்குப் போகிறது. கேமராவும் கண்காட்சியும் அதோடு சேர்ந்து அந்த வேறொருவருக்கே. மெஹ்ஜபீனின் பதினொரு படங்கள் மாடி வராந்தாவில் இருக்கும். இதில் யார்மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, மெஹ்ஜபீனும் சொல்லவில்லை.

"மேடம், பன்னிரண்டுன்னு ஏற்கெனவே பட்டியல்ல அச்சாயிருச்சு. பதினொண்ணுதான் இருக்குதேன்னு கேப்பாங்க. ஒண்ணும் போடாம விட்டுடலாம், இல்ல 'தவிர்க்க முடியாத காரணம்'னு போட்டுடலாம். உங்க இஷ்டம்."

"நானே எழுதித் தரேன்" என்றார் மெஹ்ஜபீன்.

எழுதினார். நான்கு தரம் எழுதி மூன்றைக் கிழித்தார். முதல் மூன்றிலும் பழக்கதோஷம், கடைச் சட்டம், கை மறதி என்று சமாதானங்கள் இருந்தன. நான்காவதில் இல்லை.

குப்புராஜ் அந்த நாட்களில் வேலைப் பேச்சு தவிர வேறு பேசவில்லை. ஆனால் டிசம்பர் 7, சனிக்கிழமை காலை ஆறரைக்கு, கல்யாணத்துக்குப் போகிற வேனைக் கழுவித் துடைத்து ஜாவீத் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார்.

"கடைங்கண்ணா?"

"பூட்டிட்டேன். கண்ணு மூடுன கடையின்னு நெனச்சுக்கட்டும் ஊரு."

விழா நடந்தது பழைய நூல் மில் ஒன்றில். முகப்புச் சுவரில் முனிராஜ் என்ற கோலார்ப் பையனின் படங்கள் இருந்தன, பூட்டிய தங்கச் சுரங்கத்து வீடுகளைப் பற்றியவை. மெஹ்ஜபீன் அவற்றை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். குப்புராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், பதினான்கு நிமிடம்.

"எப்பிடி?" என்றார் எரிச்சலோடு.

"நல்லா இருக்குதுங்கண்ணா. என்னுதவிட நல்லா இருக்குது, ரெண்டு."

"ரெண்டுதான?"

"ரெண்டுதான்."

மாடி வராந்தாவில் பதினொரு படங்களும் நல்ல வெளிச்சத்தில் இருந்தன. பொத்தான் போடும் பள்ளிக்கூட வாத்தியார், தம்பியின் மூக்கைத் துடைக்கும் அக்கா, பென்சிலை எடுக்கும் மாதையன். ஒவ்வொன்றின் கீழும் நோட்டில் இருந்தபடியே பெயர், ஊர், தேதி, என்ன காரியம். ஆறாவது படத்துக்குப் பிறகு எட்டாவது. கடைசியில், உள்ளங்கை அகலச் சட்டத்துக்குள், மெஹ்ஜபீனின் கையெழுத்திலேயே தமிழில் ஒரு தாள்.

பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் கன்னடக்காரர்கள். படங்களைப் பார்த்துவிட்டுத் தாளைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். குப்புராஜுக்குத் தாய்வழி தேன்கனிக்கோட்டை, வீட்டில் கன்னடம். அவரே முன்வந்து சொன்னார். முதல் ஆளிடம், ஏழாவது படத்தில் டெக்னிக்கல் கோளாறு என்று சொல்லி முடித்துவிட்டார்.

மெஹ்ஜபீனுக்குக் கன்னடம் பேச வராது, புரியும். "அண்ணா, டெக்னிக்கல் கோளாறுன்னு நான் எங்கயும் எழுதலீங்களே."

குப்புராஜ் தாளை ஒருதரம் தனக்குள் வாசித்துக்கொண்டார். இரண்டாவது ஆளிடம் உள்ளது உள்ளபடி சொன்னார். நான்காவது, ஐந்தாவது ஆளிடம் சொல்லும்போது குரல் உயர்ந்தது. பத்தாவது ஆளுக்குள் தாமரைப்பூவும் வந்துவிட்டது, பெரியம்மாளின் மாலையும் வந்துவிட்டது. கேட்டவர்கள் சிரித்தார்கள்; சிரித்து முடித்து, மறுபடி போய்ப் படங்களை முதலிலிருந்து பார்த்தார்கள், இந்த முறை மெதுவாக. "இவங்க சொன்னாத்தான் உண்டு, இல்லன்னா ஆண்டவனே வந்தாலும் கண்டுபுடிச்சிருக்க முடியாது. எங்க ஸ்டூடியோவுல பதினேழு வருசம்" என்று ஒவ்வொருவரிடமும் அவர் முடித்தார். மாலை நாலரைக்குள் பத்தொன்பது பேருக்குச் சொல்லியிருந்தார். தொண்டை கட்டி, டீ குடிக்கக் கீழே இறங்கினார். ஜாவீத்தும் கூடப் போனார்.

அப்போது நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். கழுத்தில் கேமரா தொங்கியது. தாளைக் காட்டி, மெஹ்ஜபீன் யார் என்று தெரியாமலே, கன்னடத்தில் கேட்டார். மெஹ்ஜபீன் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். குப்புராஜைக் காணோம்.

முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு, விரலை வரிக்கு வரி வைத்து, முதலில் தமிழில் வாசித்தார். பிறகு அந்தப் பெண்ணுக்குப் புரியும்படி உருதும் இந்தியும் கலந்து, ஒரு வரியையும் விடாமல் சொன்னார்.

'இத்தொகுப்பில் பன்னிரண்டு படங்கள் இருந்தன. ஏழாவது படத்தில் இருந்தவரின் கண்களை நான் வேறொரு படத்திலிருந்து எடுத்து வைத்தேன். அப்படி ஒரு நிமிடம் நடக்கவில்லை. நடந்த நிமிடத்தின் படத்தை மாட்ட அவருக்கு விருப்பமில்லை. மற்ற பதினொன்றும் நடந்தவை. மெஹ்ஜபீன், பாப்பாரப்பட்டி.'

கடைசியில் இருந்த பெயருக்கு வந்ததும் விரலை எடுக்கவில்லை. அதையும் சேர்த்தே, இரண்டு மொழியிலும் வாசித்தார்.